போரிங்குக்குக் கொடுப்பதற்கு முன்: பழைய புல்லட்டில் கம்ப்ரஷன் எங்கே போகிறது?

நீங்கள் எழுதியிருப்பதன் சாரம் இது. பெங்களூர் அல்சூரில் உங்கள் மாமனார் ஓட்டிவந்த 1982ஆம் ஆண்டு புல்லட் 350 பல ஆண்டுகள் தார்ப்பாயின் கீழ் கிடந்தது. இப்போது அதை ஓட்டும் நிலைக்குக் கொண்டுவர முயல்கிறீர்கள். கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, புதிய ப்ளக்கும் பாயிண்டும் போட்ட பிறகு வண்டி எப்போதாவது ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் இழுவை இல்லை, கிக்கரும் எதிர்ப்பில்லாமல் இறங்குகிறது. மெக்கானிக் கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்று காட்டும் கருவி) மாட்டிப் பார்த்தபோது 60 பி.எஸ்.ஐ. காட்டியது. ப்ளக் துளை வழியாக ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டுப் பார்த்தபோது 67க்கு ஏறியது. எண்ணெய் விட்டதும் ஏறினால் ரிங்தான் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) போயிருக்கிறது என்று சொல்லி, போரிங் செய்து, அதாவது சிலிண்டரின் உட்சுவரைப் பெரிதாக வெட்டி, புதிய பிஸ்டன் போடச் சொல்கிறார். அவர் சொல்வது சரியா என்று கேட்கிறீர்கள்.

சரியாக இருக்கலாம், ஆனால் இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு அப்படிச் சொல்லிவிட முடியாது. கேஜ் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: சிலிண்டருக்குள் காற்று நிற்கவில்லை. அது எந்த வழியாக வெளியேறுகிறது என்பதைக் கேஜ் சொல்லாது. புல்லட்டில் காற்று வெளியேற ரிங், இன்லெட் வால்வு, எக்ஸாஸ்ட் வால்வு, ஹெட் கேஸ்கெட், ப்ளக் மரை ஆகியவற்றோடு, மற்ற வண்டிகளில் பெரும்பாலும் இல்லாத டிகம்ப்ரஸர் (சிலிண்டரின் காற்றைத் திறந்துவிடும் சிறு வால்வு) என்ற வழியும் இருக்கிறது. இவற்றில் ரிங் ஒன்றுதான் போரிங் வரை இழுத்துச் செல்லக்கூடியது. மற்றவற்றில் சில, ஸ்பேனர் ஒன்றும் அரை மணி நேரமும் இருந்தால் தீர்ந்துவிடும். எங்கே பஞ்சர் என்று தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்க்காமல் டயரையே மாற்றச் சொல்வதற்கு யாரும் சம்மதிக்க மாட்டார்கள். சிலிண்டர் விஷயத்தில் மட்டும் நாம் ஏனோ உடனே சம்மதித்துவிடுகிறோம்.

முதலில், கிக்கர் லேசாக இறங்குவதைக் கம்ப்ரஷன் குறைவின் அடையாளமாக எடுத்துக்கொள்ளலாமா என்று பார்க்க வேண்டும். புல்லட்டில் கிக்கரின் விசை கியர்பாக்ஸ் வழியாகக் கிளச்சுக்குப் போய், அங்கிருந்து பிரைமரி செயின் மூலம் கிராங்கைச் சுழற்றுகிறது. ஆகவே கிளச் வழுக்கினாலும், கிக்கரின் உள்ளே இருக்கும் ராட்செட் பல் தேய்ந்திருந்தாலும், கால் இறங்கும், இன்ஜின் சுற்றாது. காலுக்கு அது கம்ப்ரஷன் இல்லாதது போலவே தோன்றும். வலப்பக்கத்தில் உள்ள பாயிண்ட் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, ஒருவர் கிக்கரை மெதுவாக அழுத்த இன்னொருவர் பாயிண்ட் கேமை (பாயிண்டைத் திறந்து மூடும் சுழல் துண்டு) பார்க்கட்டும். கால் நகரும்போதெல்லாம் கேமும் நகர வேண்டும். கால் இறங்கியும் கேம் நின்றுவிட்டால், நீங்கள் பார்க்க வேண்டியது கிளச் கேபிளின் தளர்வையும் கிளச் தட்டுகளையும்தான். கிளச் வழுக்கும் வண்டியில் கேஜும் குறைவாகத்தான் காட்டும், ஏனென்றால் பிஸ்டன் முழு வேகத்தில் மேலே வரவே இல்லை. கேம் ஒழுங்காகச் சுற்றுகிறது என்றால், பழைய ஆட்கள் செய்யும் சோதனை ஒன்று உண்டு. டிகம்ப்ரஸர் லீவரைத் தொடாமல், எதிர்ப்பு வரும் இடம் வரை கிக்கரை இறக்கி, அதன் மேல் உங்கள் எடையை வைத்து நின்று பாருங்கள். நல்ல நிலையில் உள்ள இன்ஜின் சில விநாடிகள் தாங்கிவிட்டுப் பிறகே மெல்ல இறங்கும். நிற்காமல் தொடர்ந்து இறங்கினால் காற்று கசிகிறது என்பது உறுதி. கேஜ் இல்லாமலேயே இது தெரிந்துவிடும்.

அடுத்து, 60 என்ற எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பது. கேஜ் வைக்கும்போது ஆக்ஸிலரேட்டரை முழுவதும் திருகிப் பிடித்திருக்க வேண்டும். இந்த வண்டியின் கார்புரேட்டரில் ஸ்லைடு கீழே இறங்கியிருந்தால் காற்றுப் பாதை ஏறக்குறைய அடைபட்டிருக்கும், சிலிண்டருக்குள் போக வேண்டிய காற்றே போகாது. அந்த நிலையில் எடுத்த அளவு எதற்கும் உதவாது. பெட்ரோல் குழாயை மூடிவிட வேண்டும், இக்னிஷனை அணைத்துவிட வேண்டும், முள் மேலும் ஏறாமல் நிற்கும் வரை ஒரே விசையோடு கிக் செய்ய வேண்டும். கேஜின் காற்றைப் பிடித்து வைக்கும் சிறு வால்வு, குழாயின் ப்ளக் பக்க முனையில் இருக்கிறதா, கேஜ் பக்கத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். கேஜ் பக்கத்தில் இருந்தால் குழாயின் உட்கொள்ளளவு முழுவதும் எரி அறையோடு சேர்ந்துவிடும். 350 என்று நாம் சொன்னாலும் இந்த இன்ஜினின் உண்மையான கொள்ளளவு 346 சி.சி.; 70 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்). கம்ப்ரஷன் விகிதத்தை, அதாவது பிஸ்டன் அடியில் இருக்கும்போதுள்ள இடம் உச்சியில் மிஞ்சும் இடத்தைப்போல் எத்தனை மடங்கு என்பதை, 6.5 என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சும் இடம் சுமார் 63 சி.சி. மட்டுமே. குழாய் அதில் இன்னொரு 8 சி.சி. சேர்த்தால் விகிதம் 5.9க்குக் கீழே போய்விடும். கார்களுக்காக விற்கப்படும் நீளக் குழாய்க் கேஜ்களில் இது நடப்பதுண்டு. பெரிய இன்ஜினில் பொருட்படுத்த வேண்டாத தவறு, சிறிய ஒற்றைச் சிலிண்டரில் நிறையவே தெரியும்.

பெங்களூரில் இருப்பவர்கள் பெரும்பாலும் கணக்கில் எடுக்காத இன்னொன்று, ஊரின் உயரம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் நாம் இருக்கிறோம்; இங்கே காற்றழுத்தம் சென்னையில் இருப்பதைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவு. இன்ஜின் அழுத்துவது தான் உறிஞ்சிய காற்றைத்தான் என்பதால், சென்னையில் 100 பி.எஸ்.ஐ. காட்டும் அதே புல்லட், எதையும் தொடாமல் இங்கே கொண்டுவந்து வைத்தால் சுமார் 90தான் காட்டும். திருவொற்றியூர் தொழிற்சாலையிலிருந்து வந்த வண்டி என்பதால், இந்த வண்டிகளைப் பற்றி நம் ஆட்களிடையே புழங்கும் எண்கள் பலவும் கடற்கரை எண்கள். அவற்றை அப்படியே இங்கே வைத்து ஒப்பிட்டு, நல்ல இன்ஜினைப் பழுது என்று சொல்லிவிடக் கூடாது. அதற்காக 60 சரியான அளவு என்று நான் சொல்லவில்லை. இத்தகைய தாழ்ந்த விகித இன்ஜின் நல்ல நிலையில் இருந்தால் இந்த ஊரில் 90ஐ ஒட்டி எதிர்பார்ப்பேன். 60 குறைவுதான், ஆனால் 120 வர வேண்டிய இடத்தில் 60 வந்தது என்று யாராவது பயமுறுத்தினால் அதை நம்ப வேண்டாம்.

இப்போது, உங்கள் மெக்கானிக் தீர்ப்புக்கு ஆதாரமாகக் காட்டும் எண்ணெய்ச் சோதனை. எண்ணெய் ரிங்குகளின் இடுக்கில் போய்ச் சற்று நேரம் அடைத்துக்கொள்ளும், வால்வைத் தொடாது, ஆகவே எண்ணெய்க்குப் பின் அளவு நன்றாக ஏறினால் குறை ரிங்கிலோ போரிலோ இருக்கிறது என்பது இதன் தத்துவம். புல்லட்டின் சிலிண்டர் செங்குத்தாக நிற்பதால் எண்ணெய் சுற்றிலும் பரவும். சாய்ந்த சிலிண்டர்களைவிட இங்கே இந்தச் சோதனைக்கு நம்பகத்தன்மை அதிகம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விட்ட எண்ணெயும் இடத்தை அடைக்கிறது. ஒரு டீஸ்பூன் என்பது 5 மில்லி. 63 சி.சி. இடத்தில் 5 போனால் 58, விகிதம் 6.5லிருந்து ஏறத்தாழ 7 ஆகிவிடுகிறது. அழுத்தும்போது காற்று சூடாவதையும் சேர்த்துக் கணக்கிட்டால், 60 காட்டிய கேஜ், எந்த ரிங்கும் அடைபடாமலேயே, எண்ணெயின் கொள்ளளவால் மட்டும் 66 அல்லது 67 வரை போகும். உங்களுக்கு வந்தது 67. அதாவது, உங்கள் சோதனை ரிங்கின் மேல் குற்றம் சாட்டவில்லை. சொல்லப்போனால் கசிவு வேறெங்கோ பெரிதாக இருக்கிறது என்றே காட்டுகிறது. ரிங்தான் முக்கியக் காரணம் என்றால் 60லிருந்து 80, 85 என்று தாவியிருக்கும்.

ஒவ்வொரு கிக்குக்கும் முள் எப்படி நகர்ந்தது என்பதை உங்கள் மெக்கானிக் கவனித்தாரா என்று கேளுங்கள். முதல் கிக்கில் மிகக் குறைவாகத் தொடங்கி, கிக் செய்யச் செய்யக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போனால் அது பெரும்பாலும் ரிங். இரண்டு மூன்று கிக்கிலேயே ஓரிடத்தில் நின்று அதற்கு மேல் ஏற மறுத்தால் வால்வு, கேஸ்கெட், டிகம்ப்ரஸர் ஆகியவற்றில் ஒன்று. திட்டவட்டமான விதி இல்லை, ஆனால் நல்ல துப்பு.

டிகம்ப்ரஸரைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் வண்டியில் என் முதல் சந்தேகம் அதன் மேல்தான். ஹெட்டில் திருகப்பட்டிருக்கும் இந்தச் சிறு வால்வை, கைப்பிடியின் இடப்பக்கத்தில் உள்ள சிறிய லீவர் கேபிள் மூலம் திறக்கிறது. திறந்தால் சிலிண்டரின் காற்று எக்ஸாஸ்ட் பாதைக்குள் போய்விடும். கிக்கரை உச்சி தாண்ட வைப்பதற்கும், ஓடும் இன்ஜினை நிறுத்துவதற்கும் இதைப் பயன்படுத்துகிறோம். ஒரு ஸ்பிரிங்தான் அதை மூடி வைத்திருக்கிறது. இது முழுதாக மூடாமல் போவதற்குக் காரணங்கள் எளியவை. கேபிளில் தளர்வே இல்லாமல் இறுக்கி வைத்திருப்பது முதல் காரணம். ஹேண்டில்பாரை நேராக வைத்திருக்கும்போது சரியாக இருந்து, ஒரு பக்கம் திருப்பும்போது மட்டும் கேபிள் இழுபட்டு வால்வு மயிரிழை திறந்துகொள்வதும் உண்டு. நாள்பட நின்ற வண்டியில் கேபிள் உறைக்குள் துருப்பிடித்து, இழுத்த இடத்திலேயே மாட்டிக்கொண்டிருக்கும். வால்வின் முகத்தில் கரி படிந்து, ஒரு சிறு துணுக்கு இடையில் சிக்கியிருந்தாலும் போதும். ஆகவே கேபிளை ஹெட் முனையில் கழற்றி விட்டுவிட்டு, மறுபடி கேஜ் வையுங்கள். அளவு ஏறினால் உங்கள் செலவு ஒரு கேபிளோடு முடிந்தது. ஏறாவிட்டாலும் டிகம்ப்ரஸரை முழுவதும் விடுவித்துவிட வேண்டாம். அதை ஹெட்டிலிருந்து கழற்றி, கரியைச் சுரண்டி, வால்வு முகத்தையும் அது உட்காரும் இடத்தையும் பாருங்கள். கருமை ஒரே சீரான வளையமாக இல்லாமல் ஓரிடத்தில் தீற்றியதுபோல் இருந்தால் அந்த வழியாகக் காற்று போயிருக்கிறது. மிக மெல்லிய கிரைண்டிங் பேஸ்ட் வைத்துக் கையாலேயே தேய்த்து உட்கார வைத்துவிடலாம். மாற்ற வேண்டுமென்றாலும் ஜே.சி. ரோட்டில் கிடைக்கும், சிவாஜிநகர் குஜ்ரியில் (பழைய சாமான் சந்தையில்) பழையதை வாங்க வேண்டாம், அதுவும் இதே நோயோடுதான் வரும்.

அடுத்தது டாப்பெட், அதாவது வால்வைத் திறக்கும் புஷ்ராட் என்ற தண்டைக் கீழிருந்து தள்ளும் பாகம். பழைய புல்லட்டில் டாப்பெட் இடைவெளி என்று ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்கும் அளவு ஏதும் கிடையாது. இன்ஜின் முற்றிலும் குளிர்ந்த நிலையில், பிஸ்டன் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் இருக்கும்போது, வலப்பக்க டாப்பெட் மூடிக்குள் தெரியும் இரண்டு புஷ்ராடுகளும் இரண்டு விரலால் சுழற்றினால் தாராளமாகச் சுழல வேண்டும். ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. எக்ஸாஸ்ட் புஷ்ராட் ஒரு நூலளவு கூடுதலாகத் தளர்ந்திருந்தால் தவறில்லை. வார்ப்பிரும்புச் சிலிண்டர் சூட்டில் நீள்வதை அலுமினியப் புஷ்ராடுகளும் சேர்ந்து நீண்டு ஈடுகட்டுகின்றன என்பதால்தான் இப்படி இடைவெளியே இல்லாமல் வைக்க முடிகிறது. இதில் ஒரு ஆபத்தும் உண்டு. விட்டுக்கொடுக்க இடைவெளி என்று எதுவும் இல்லாததால், வால்வு சீட் (வால்வு உட்காரும் இடம்) கொஞ்சம் தேய்ந்து வால்வு கொஞ்சம் உள்ளே இறங்கினாலும் புஷ்ராட் இறுகிவிடும், வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் போய்விடும். ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தில் அந்த ஈயம் சீட்டுக்கு ஓரளவு மெத்தையாக இருந்தது. 2000ஆம் ஆண்டிலிருந்து நாடு முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோல்தான். உங்கள் மாமனார் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் இந்த வண்டியை ஓட்டியிருந்தால், எக்ஸாஸ்ட் சீட் தேய்ந்திருக்க வாய்ப்புண்டு.

ஆகவே காலையில், முந்தைய நாள் ஸ்டார்ட் செய்யாத இன்ஜினில், டாப்பெட் மூடியைத் திறந்து புஷ்ராடுகளைச் சுழற்றிப் பாருங்கள். கம்ப்ரஷன் உச்சியா, எக்ஸாஸ்ட் முடிந்த உச்சியா என்று குழப்பம் வரும். ப்ளக் துளையில் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டு கிக்கரை மெல்ல இறக்கினால் காற்று விரலைத் தள்ளும் சுற்று எது என்று தெரிந்துவிடும். (ஆம்மீட்டர் முள் நடுவுக்குத் திரும்பும் இடத்தை வைத்து உச்சியைக் கண்டுபிடிக்கும் பழக்கம் புல்லட்காரர்களுக்கு உண்டு, ஸ்டார்ட் செய்ய அது போதும், டாப்பெட் வைக்க அது போதாது.) ஏதாவது ஒரு புஷ்ராட் சுழல மறுத்தால் தளர்த்திச் சரிசெய்து மீண்டும் அளவெடுங்கள். ஆனால் டாப்பெட் அடிக்கடி இறுகிக்கொண்டே வந்தால், சீட் தொடர்ந்து தேய்கிறது என்று பொருள். அதற்கு ஹெட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

நாள்பட நின்ற வண்டிகளுக்கே உரிய குறைகள் இரண்டு. ஒன்று, பழைய எண்ணெய் பிசினாகி ரிங்குகள் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டு, சிலிண்டர் சுவரை அழுத்தாமல் கிடப்பது. இதற்கு ஊடுருவும் எண்ணெயை ப்ளக் துளை வழியாக விட்டு இரண்டு மூன்று நாள் ஊற வைத்து, இடையிடையே கிக்கரால் பிஸ்டனைச் சற்று நகர்த்தினால் பலன் கிடைப்பதுண்டு. ஊறியது கீழே இறங்கிக் கிராங்க்கேஸ் எண்ணெயோடு கலந்திருக்கும் என்பதால், ஸ்டார்ட் செய்யும் முன் எண்ணெயை முழுவதும் வடித்துப் புதிதாக விட வேண்டும். இரண்டாவது, வண்டி நின்றபோது எந்த வால்வு திறந்திருந்ததோ அதன் சீட்டில் ஈரம் புகுந்து துரு அரித்திருப்பது. இதற்கு ஊற வைப்பதால் பயனில்லை. லேசான துருவாக இருந்தால் வண்டி கொஞ்சம் ஓடும்போதே தட்டித் தட்டிச் சரியாகிவிடும். அதனால்தான் நெடுநாள் நின்ற இன்ஜினுக்கு, ஸ்டார்ட் ஆகும் நிலை இருந்தால், சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகே தீர்ப்பு எழுத வேண்டும் என்பது என் கருத்து. கார்புரேட்டர் ஊசி ஒழுகிப் பெட்ரோல் சிலிண்டருக்குள் இறங்கியிருந்தால் சுவரின் எண்ணெய்ப் படலம் கழுவப்பட்டு அளவு தாழ்ந்து காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் 60லேயே நின்றால், காற்றை உள்ளே செலுத்திக் காதால் கேட்கும் சோதனைதான் மிச்சத்தைச் சொல்லும். பழைய ப்ளக் ஒன்றின் பீங்கானை உடைத்தெடுத்து, இரும்பு உறையில் டியூபின் வால்வை வெல்டிங் கடையில் பற்றவைத்துக்கொண்டால் அடாப்டர் தயார். அதன் மரை நீளம் உங்கள் ப்ளக்கின் மரை நீளத்தோடு ஒத்திருக்க வேண்டும். நீண்டிருந்தால் பிஸ்டனிலோ வால்விலோ இடிக்கக்கூடும். உள்ளே ஒரு பீங்கான் துணுக்குகூட மிஞ்சக் கூடாது. பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சியில் சரியாக நிறுத்தி, வண்டியை டாப் கியரில் போட்டு, பின்பிரேக்கை ஒருவர் அழுத்திப் பிடித்துக்கொள்ள, பஞ்சர் கடைக் கம்ப்ரஸரிலிருந்து 30 அல்லது 40 பி.எஸ்.ஐ. அளவில் மட்டும் காற்றை விடுங்கள். உச்சியிலிருந்து சற்று விலகியிருந்தாலும் காற்று பிஸ்டனைத் தள்ளி இன்ஜினைச் சுழற்றிவிடும்; அந்த நேரத்தில் கிக்கர் பக்கத்தில் காலோ கையோ இருக்கக் கூடாது.

பிறகு கேளுங்கள். கார்புரேட்டரின் வாயில் சீறல் கேட்டால் இன்லெட் வால்வு. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தோ, கிராங்க்கேஸ் மூச்சுக்குழாயில் காதை வைத்தோ கேட்டால் ரிங்கின் வழியாக வரும் காற்று தெரியும். எந்த இன்ஜினிலும் ரிங் வழியே கொஞ்சம் வரத்தான் செய்யும், ஆகவே மெல்லிய மூச்சு போன்ற ஒலியைக் குறையாக எடுக்க வேண்டாம், பீறிட்டு வந்தால்தான் குறை. ஹெட்டும் சிலிண்டரும் சேரும் கோட்டிலும் அடாப்டரைச் சுற்றியும் சோப்பு நீரைத் தடவினால் கேஸ்கெட் கசிவும் மரைக் கசிவும் குமிழாகத் தெரியும். சைலன்சரில் கேட்டால், இந்த வண்டியில் அதற்கு இரண்டு பொருள்: எக்ஸாஸ்ட் வால்வாகவும் இருக்கலாம், டிகம்ப்ரஸராகவும் இருக்கலாம், ஏனெனில் இரண்டும் ஒரே பாதைக்குள்தான் திறக்கின்றன. இதை அறியாமல் எக்ஸாஸ்ட் வால்வுக்காக ஹெட்டை இறக்கியவர்கள் உண்டு. இரண்டையும் பிரித்தறிய, எக்ஸாஸ்ட் டாப்பெட்டை முழுவதும் தளர்த்திப் பாருங்கள். சத்தம் நின்றால் டாப்பெட் இறுக்கம்தான் காரணம். நிற்காவிட்டால், கேபிள் கழற்றிய டிகம்ப்ரஸரின் தண்டை மரச் சுத்தியால் லேசாக இரண்டு தட்டுத் தட்டுங்கள். சத்தம் மாறினால் கசிவு அங்கேதான். அதுவும் மாறாவிட்டால் எக்ஸாஸ்ட் வால்வு என்று நம்பிக்கையோடு ஹெட்டைக் கழற்றலாம்.

ஹெட் கையில் வந்ததும் வால்வுகளைக் கழற்றும் முன் அதைத் தலைகீழாக வைத்து, எரி அறையில் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றி, எந்த வழியில் ஒழுகுகிறது என்று பாருங்கள். வால்வின் முகத்தில் குழிகள் இல்லையென்றால் கிரைண்டிங் பேஸ்ட் போட்டுத் தேய்ப்பதே போதும். குழி விழுந்திருந்தால் தேய்த்துத் தேய்த்துச் சீட்டை அகலமாக்குவதைவிடக் கட்டர் வைத்து வெட்டுவது மேல். அதோடு வால்வைச் சற்று உயர்த்திப் பிடித்து, கைடுக்குள் (வால்வின் தண்டு நகரும் குழலுக்குள்) அது பக்கவாட்டில் ஆடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். கைடு தேய்ந்திருந்தால் வால்வு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு இடத்தில் உட்காரும். எவ்வளவு அழகாகத் தேய்த்திருந்தாலும் சில வாரங்களில் மறுபடி கசியும்.

சிலிண்டரின் தேய்மானத்தை, போர் கேஜ் இல்லாத வீட்டிலேயே ஏறக்குறைய அளந்துவிடலாம். மேல் ரிங்கைப் பிஸ்டனிலிருந்து கழற்றி, சிலிண்டரின் அடியில் ரிங் தொடாத பகுதியில் வைத்து, பிஸ்டனால் தள்ளி நேராக்கி, ரிங்கின் இரு முனைகளுக்கு இடையே ஃபீலர் கேஜ் விட்டு இடைவெளியை அளவிடுங்கள். பிறகு அதே ரிங்கை மேலே, தேய்மானம் அதிகமாக இருக்கும் இடத்தில், விளிம்புக்குச் சற்றுக் கீழே வைத்து அளவிடுங்கள். இரண்டு இடைவெளிகளின் வித்தியாசத்தை 3.14ஆல் வகுத்தால், சிலிண்டரின் விட்டம் எவ்வளவு கூடியிருக்கிறது என்பது வரும். வித்தியாசம் 0.30 மி.மீ. என்றால் தேய்மானம் ஏறத்தாழ 0.1 மி.மீ. சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள உறவுதான் இது. சிலிண்டர் நீள்வட்டமாகத் தேய்ந்திருப்பதை இது காட்டாது. முன்பின் திசையில்தான் பிஸ்டன் அதிகம் உரசுகிறது, அதை லேத்தில் அளக்கச் சொல்லுங்கள். அடியில் வைத்தபோது புதிய ரிங்குக்கு 0.3 மி.மீ.யை ஒட்டி இருக்க வேண்டிய இடைவெளி உங்கள் ரிங்கில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருந்து, மேலே வைத்தபோது அதிகம் கூடவில்லை என்றால், தேய்ந்தது ரிங் மட்டுமே. புதிய ரிங் போட்டு, சுவரை லேசாக ஹோனிங் செய்தால் (கல்லால் தேய்த்தால்) போதும். மேல் விளிம்பில் நகம் தட்டும் அளவுக்கு வரம்பு இருந்து, இடைவெளி மேலே பெரிதாக விரிந்தால், அப்போது உங்கள் மெக்கானிக் சொன்னது சரி, போரிங்தான்.

போரிங் என்று முடிவானால், முதலில் பிஸ்டனை வாங்குங்கள். அந்தப் பிஸ்டனைக் கையில் கொடுத்து அதற்கேற்பச் சிலிண்டரை வெட்டச் சொல்லுங்கள். ஓவர்சைஸ் பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணை நம்பி முன்னதாகவே வெட்டிவிட்டுப் பிறகு பிஸ்டன் தேடுபவர்கள்தான் இறுக்கம், சத்தம் என்று அவதிப்படுகிறார்கள். சிலிண்டர் இதற்கு முன் எத்தனை முறை வெட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பழைய பிஸ்டனின் தலையில் உள்ள எண் காட்டும். கடைசி அளவுக்கு வந்துவிட்டிருந்தால் ஸ்லீவ் (சிலிண்டருக்குள் செருகும் புதிய உறை) போடுவதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். வெட்டி வந்த சிலிண்டரைப் பெட்ரோலால் கழுவ வேண்டாம். ஹோனிங் கல்லின் பொடி இரும்பின் நுண்ணிய கீறல்களில் தங்கிவிடும். சூடான சோப்பு நீரும் பிரஷும் வைத்து, வெள்ளைத் துணி கறைபடாமல் வரும் வரை தேய்த்து, உடனே எண்ணெய் பூசுங்கள், இல்லாவிட்டால் துடைக்கும்போதே துருப்பிடிக்கும்.

இன்னும் சில சிறு சாத்தியங்கள் உண்டு. யாராவது முன்பு டைமிங் மூடியைத் திறந்திருந்தால் கேம் பல் ஒன்று தள்ளி மாட்டப்பட்டிருக்கலாம். இன்லெட் தாமதமாக மூடினால் கசிவே இல்லாமல் அளவு தாழும், காற்றுச் சோதனையில் எந்தச் சத்தமும் கேட்காது. தடித்த கேஸ்கெட்டோ பொருந்தாத பிஸ்டனோ போட்டிருந்தாலும் அப்படித்தான். பழைய யெஸ்டி போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது. அங்கே வால்வு இல்லை, ஆனால் கிராங்க் சீல் கசிந்து வண்டி ஓட மறுத்தாலும் ப்ளக் துளையில் வைத்த கேஜ் அதைக் காட்டாது என்பதை மட்டும் அவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

உங்கள் வண்டியைப் பொறுத்தவரை, இந்த ஞாயிற்றுக்கிழமை டிகம்ப்ரஸர் கேபிளைக் கழற்றி, குளிர்ந்த இன்ஜினில் புஷ்ராடுகளைச் சுழற்றிப் பார்த்து, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் திறந்து, அதே கேஜால் மறுபடி அளவெடுங்கள். 80ஐத் தாண்டினால் கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு மீண்டும் பாருங்கள். தாண்டாவிட்டால் பஞ்சர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போய்க் காற்றுச் சோதனையைச் செய்யுங்கள். சத்தம் எந்த வழியாக வந்தது, டாப்பெட்டைத் தளர்த்தியபோது அது மாறியதா என்ற இரண்டையும் எழுதினால், ஹெட்டை மட்டும் இறக்குவதா, சிலிண்டரையும் சேர்த்துக் கழற்றுவதா என்று சொல்கிறேன்.